அலுவலகப் பையில் ஒரு பேனாக்கத்தி: எதை வாங்கலாம், எங்கே கொண்டுபோகலாம்?

2024 மே மாதம் சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை பதித்த பேனாக்கத்தியால் உலகம் முழுக்கத் தெரிந்த விக்டோரிநாக்ஸ் நிறுவனம், கத்தி அலகே இல்லாத மடக்குக் கருவிகளை உருவாக்கிவருவதாகச் சொன்னது. பல நாடுகளில் கத்தி எடுத்துச்செல்வது பற்றிய விதிகள் இறுகிக்கொண்டே போவதுதான் காரணம் என்றார் அதன் தலைவர் கார்ல் எல்ஸ்னர். பழைய கத்திகள் நிற்கப்போவதில்லை, கூடவே இதுவும் வரும் என்பதுதான் செய்தி. அதே ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 'ஜோம்பி' வகைக் கத்திகள் (மிரட்டும் தோற்றத்தோடு செய்யப்படும் நீளக் கத்திகள்) தடைசெய்யப்பட்டன. ஆகஸ்டில் ஜோலிங்கன் நகர விழாவில் நடந்த கத்திக்குத்துக்குப் பிறகு, பொது விழாக்களுக்குக் கத்தி கொண்டுவருவதை ஜெர்மனி தடைசெய்தது.

இதையெல்லாம் படிக்கும் ஓர் அலுவலக ஊழியருக்கு நியாயமான சந்தேகம் வரும். பார்சல் பிரிக்கவும் மதியம் கொய்யாப்பழம் நறுக்கவும் பையில் போட்டிருக்கும் சின்னக் கத்தி குற்றமா? மெட்ரோவில் பிடிப்பார்களா? வாங்குவதென்றால் எப்படிப்பட்டதை வாங்குவது?

கத்திக் கடைக்காரர்களும் விளம்பரங்களும் எஃகு, பூட்டு, வடிவம் என்று கத்தியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். அலுவலகம் போகிறவர் தொடங்க வேண்டிய இடம் வேறு. வீட்டு வாசலிலிருந்து மேஜை வரை நீங்கள் தினமும் கடக்கும் வாசல்கள் எவை? அதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

முதலில், அலுவலகத்தில் வெட்ட என்ன இருக்கிறது?

பட்டியல் சின்னதுதான். அட்டைப் பெட்டியின் டேப், கூரியர் உறை, கேபிள்களைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டை, கையால் பிரிக்கவே முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் பொதி, சட்டையில் தொங்கும் நூல், புதுத் துணியின் விலைச்சீட்டு, பால் பாக்கெட், பழம். இவற்றில் எதற்கும் நீளமான அலகு தேவையில்லை. டேப்பை அறுக்க அலகின் நுனியில் சில மில்லிமீட்டர் போதும். அதற்குமேல் உள்ளே போனால் பெட்டிக்குள் இருக்கும் பொருளில்தான் கீறல் விழும். பழம் நறுக்க மட்டும் கொஞ்சம் நீளம் வேண்டும். கொய்யாவை ஒரே இழுப்பில் பிளக்க 6 செ.மீ. இருந்தால் வசதி. ஆனால் 4 செ.மீ. அலகால் சுற்றி அறுத்துப் பிளந்தாலும் அதே கொய்யாதான்.

இந்தப் பட்டியலில் பாதி வேலைகளைக் கத்தியைவிடக் கத்தரி நன்றாகச் செய்யும் என்பதையும் கவனியுங்கள். நூல், விலைச்சீட்டு, பால் பாக்கெட், பிளாஸ்டிக் பொதி எல்லாமே கத்தரிக்கான வேலைகள். கேபிள் டையைக் கத்தியால் இழுத்து அறுப்பவர்கள்தான் கேபிளையும் சேர்த்து அறுத்துவிடுகிறார்கள்.

வகைகளும் பெயர்களும்

கத்தியைப் பற்றிப் பேச நாலைந்து சொற்கள் போதும். வெட்டும் தகடு அலகு. அதன் கூரான பக்கம் வாய், எதிர்ப்பக்கம் முதுகு, நுனி முனை. அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் இருக்கும் ஆணியைச் சுற்றித்தான் அது மடங்குகிறது. இனி வகைகள்.

1. பூட்டில்லாத மடக்குக்கத்தி. நாம் பேனாக்கத்தி என்று சொல்வது பெரும்பாலும் இதுதான். முதுகுப்பக்கம் இருக்கும் எஃகு வில் அலகை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. திறக்க இரண்டு கைகள் வேண்டும், நகத்தால் இழுக்க வேண்டும். முதுகில் அழுத்தினால் மடங்கிவிடும். விக்டோரிநாக்ஸின் சின்ன மாடல்கள் எல்லாம் இந்த வகை. கார்ல் எல்ஸ்னர் என்ற அதே பெயருடைய நிறுவனர் 1884-இல் பட்டறை தொடங்கி, 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். இன்று நாம் அறியும் வடிவத்துக்கு மூலமான 'அதிகாரிகள் கத்தி' 1897-இல் பதிவானது.

2. பூட்டுள்ள மடக்குக்கத்தி. அலகு முழுதாகத் திறந்ததும் ஒரு தகடோ கொக்கியோ வளையமோ அதை நிறுத்திவிடும். அதை விடுவிக்காமல் மடக்க முடியாது. பிரான்சின் ஓப்பினல் கத்தியில் இருப்பது சுழலும் வளையம். 1890-இல் தொடங்கிய அந்தக் கத்திக்கு வளையம் 1955-இல்தான் வந்தது. முதுகில் கொக்கி வைத்த பூட்டை அமெரிக்காவின் பக் 110 மாடல் 1960-களில் பரவலாக்கியது.

3. பட்டன் கத்தி. பொத்தானை அழுத்தினால் வில்லின் விசையில் தானே திறப்பது. பழைய சினிமாவில் வில்லன் கையில் 'சடக்' என்று திறக்குமே, அது. அலுவலகத்துக்கு இது எந்த விதத்திலும் பொருந்தாது. ஏன் என்பது சட்டப் பகுதியில் வரும்.

4. பல கருவிக் கத்தி. குறடு, திருப்புளி, கத்தரி, கத்தி எல்லாம் ஒன்றில் மடங்கியிருக்கும். டிம் லெதர்மேன் 1983-இல் விற்கத் தொடங்கியது இந்த வகைக்கு அடையாளமாகிவிட்டது. கணினி, நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்குப் பயன்படும். மற்றவர்களுக்குப் பையில் கனம்தான்.

5. கட்டர். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும், அலகு நீண்டு உள்ளே போகும் பிளாஸ்டிக் கட்டர். மழுங்கிய நுனியை ஒடித்தால் அடுத்த கூர் வந்துவிடும். 1956-இல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா இதைக் கண்டுபிடித்தார். உடைந்த கண்ணாடியின் விளிம்பும், கோடு பார்த்து ஒடிக்கும் சாக்லேட் கட்டியும் சேர்ந்து அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தன. அவருடைய ஒல்ஃபா நிறுவனத்தின் பெயரே, 'அலகை ஒடி' என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

குழப்பம் அதிகம் இருக்கும் இடம் இது. 'மூன்று அங்குலம் வரை பரவாயில்லை', 'ஒன்பது அங்குலம் வரை பரவாயில்லை', 'கத்தி வைத்திருந்தாலே கேஸ்' என்று மூன்று விதமாகவும் சொல்லக் கேட்கிறோம். மூன்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மை இல்லை.

அடிப்படை, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட பொருள்தான் 'ஆயுதம்' என்று அதன் இரண்டாம் பிரிவு வரையறுக்கிறது. கூரிய வாயுள்ள ஆயுதங்களும் இதில் அடங்கும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை அதே பிரிவு விலக்கிவிடுகிறது. அதாவது, சட்டம் முதலில் கேட்கும் கேள்வி 'எத்தனை அங்குலம்?' என்பதில்லை, 'எதற்காகச் செய்யப்பட்டது?' என்பது. அரிவாள்மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சமையலறைப் பொருள். சின்னக் குத்துவாள் சின்னதாக இருந்தாலும் குத்துவாள்.

ஒன்பது அங்குலம் எங்கிருந்து வந்தது? ஆயுத விதிகளின் அட்டவணையிலிருந்து. வாள், குத்துவாள், ஈட்டி போன்றவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் அது ஆயுத வகையில் சேர்க்கிறது. இங்கும் வீட்டு, விவசாய, அறிவியல், தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானவை விலக்கப்பட்டிருக்கின்றன. 1962-ஆம் ஆண்டு விதிகளில் இருந்த இந்த அளவு 2016-ஆம் ஆண்டு விதிகளிலும் தொடர்கிறது.

மூன்று அங்குலம் தில்லியிலிருந்து வந்தது. ஆயுதச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட பகுதியின் நிலைமையைப் பார்த்து, அங்கே மட்டும் சில வகை ஆயுதங்களைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி 1980 அக்டோபர் 29-இல் தில்லி நிர்வாகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வில்லாலோ பொத்தானாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறக்கும் கத்திகள், அலகு 7.62 செ.மீ. அல்லது அதற்குமேல் நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்குமேல் அகலமும் இருந்தால் இதற்குள் வரும். 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். ஆக இது தில்லிக்கான விதி, அதுவும் குறிப்பிட்ட வகைக் கத்திகளுக்கான விதி. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் இதைத் தனக்கான எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. தில்லிக்கு வேலையாகப் போய்வருபவர்களுக்கு நிச்சயம் தேவைப்படும் தகவல்.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. நகத்தால் இழுத்துத் திறக்கும் சின்னப் பேனாக்கத்தி, கருவியாகவே வடிவமைக்கப்பட்டது. அதைப் பையில் வைத்திருப்பது தன்னளவில் ஆயுதச் சட்டக் குற்றம் ஆகாது.

2. தானே திறக்கும் கத்தி, இரண்டு பக்கமும் கூருள்ள கத்தி, விரல் வளையம் வைத்த கத்தி, 'டாக்டிகல்' என்று விளம்பரம் செய்யப்படும் கறுப்புக் கத்தி ஆகியவை 'கருவி' என்ற பக்கத்திலிருந்து 'ஆயுதம்' என்ற பக்கத்துக்கு நகர்கின்றன. விற்பவரே அதைத் தற்காப்பு ஆயுதம் என்று விளம்பரம் செய்திருந்தால், வாங்கியவர் அதைப் பழம் வெட்டத்தான் வைத்திருந்தேன் என்று விளக்குவது சிரமம்.

3. தற்காப்புக்காக வைத்திருக்கிறேன் என்ற எண்ணமே வேண்டாம். சட்டம் நோக்கத்தைப் பார்க்கிறது. பயந்த கையில் இருக்கும் 4 செ.மீ. அலகு யாரையும் காப்பாற்றாது, நிலைமையை மோசமாக்க மட்டும் செய்யும்.

4. தடை உத்தரவு இருக்கும் நாட்களில் நிலைமை வேறு. முன்பு 144 என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த உத்தரவு, 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் வருகிறது. அந்த உத்தரவில் ஆயுதம், கூரிய பொருள் பற்றிய வரிகள் இருந்தால் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைத் தனியாகப் படிக்க வேண்டும். பிரிட்டனில் பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தி மட்டுமே. அங்கே பூட்டுள்ள கத்தி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 'மடக்குக்கத்தி' என்ற சலுகைக்குள் வராது என்று நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது. ஜப்பானில் தக்க காரணம் இல்லாமல் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகை எடுத்துச்செல்லக் கூடாது. சென்னையில் ஒரு பிரச்சினையும் தராத கத்தி லண்டன் தெருவில் கைதுவரை கொண்டுபோகலாம்.

சட்டம் விட்டாலும் வாசல் விடாது

சட்டம் அனுமதிப்பதும் ஒரு வாசலில் இருக்கும் காவலர் அனுமதிப்பதும் ஒன்றில்லை. ஆயுதச் சட்டம் நோக்கத்தைக் கேட்கிறது, ஸ்கேனர் கேட்பதில்லை. அதில் தெரிவது அலகின் நிழல் மட்டும்.

மெட்ரோ ரயில்: நிலையத்தில் பையை ஸ்கேனரில் வைக்கச் சொல்கிறார்கள். மெட்ரோக்களின் தடைப் பொருள் பட்டியலில் கத்தி இருக்கிறது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கத்தி பல நாள் கவனிக்கப்படாமல் போகலாம், ஒருநாள் நிறுத்தப்படலாம். நிறுத்தினால் அதைக் கொடுத்துவிட்டுப் போவதா, திரும்பி வெளியே போவதா என்ற இரண்டே வழிதான். காவலரிடம் சட்டம் பேசிப் பயனில்லை, அவர் தன் விதிப்படிதான் நடக்கிறார். தினமும் மெட்ரோவில் போகிறவர் கத்தியைப் பையில் சுமக்காமல் அலுவலக மேஜையிலேயே வைத்துவிடுவதுதான் சரி. டவுன் பஸ்ஸிலோ பைக்கிலோ போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அலுவலக வளாகம்: ஐ.டி. பூங்காக்களிலும் பெரிய நிறுவனங்களிலும் ஊழியர் நடத்தை விதியில் 'ஆயுதங்கள் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். எது ஆயுதம் என்று பெரும்பாலும் விளக்கியிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியை நீங்களே உங்களுக்குச் சாதகமாக நிரப்பிக்கொள்ளாதீர்கள். நிர்வாகப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 'கத்தரியும் 4 செ.மீ. அலகும் உள்ள சாவிக்கொத்துக் கருவி' என்று அளவோடு எழுதினால் பதில் தெளிவாக வரும்.

நீதிமன்றம், தலைமைச் செயலகம், தூதரகம், பெரிய கோயில்கள், கிரிக்கெட் மைதானம்: கேள்வியே வேண்டாம், கொண்டுபோகாதீர்கள்.

விமானம்: இந்திய விமான நிலையங்களில் கைப்பையில் கத்திக்கு இடமில்லை. செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்கலாம். 2022 மார்ச்சில் சீக்கியப் பயணிகளுக்கு, உள்நாட்டு விமானங்களில், 6 அங்குலத்துக்கு மிகாத அலகும் மொத்தம் 9 அங்குலத்துக்கு மிகாத நீளமும் கொண்ட கிர்பான் என்ற குறுவாள் அனுமதிக்கப்பட்டது. அது மதச் சின்னத்துக்கான தனி விலக்கு, மற்றவர்கள் அதைச் சுட்டிக்காட்ட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியல் 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத்தான் கைப்பையில் தடைசெய்கிறது. அமெரிக்காவில் 2013-இல் சின்னக் கத்திகளை அனுமதிக்க அறிவிப்பு வந்து, விமானப் பணியாளர்களின் எதிர்ப்பால் சில மாதங்களில் கைவிடப்பட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டில் விட்டார்கள் என்பதற்காக மீனம்பாக்கத்தில் விடுவார்கள் என்று எண்ண வேண்டாம்.

விமான நிலையத்தில் கத்தியை இழப்பவர்கள் பெரும்பாலும் விதி தெரியாதவர்கள் இல்லை, பையில் கிடப்பதை மறந்தவர்கள். அலுவலகப் பையும் பயணப் பையும் ஒன்றாக இருந்தால் இது நடந்தே தீரும். கத்திக்குப் பையில் ஒரே இடம் வைத்துக்கொண்டு, டிக்கெட் பதிவு செய்த அன்றே அதை எடுத்து வீட்டில் வைத்துவிடுவது நல்லது.

இப்போது கத்தியைத் தேர்ந்தெடுப்போம்

*நீளம்.* விக்டோரிநாக்ஸ் கத்திகளை மடக்கிய நீளத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம்: 58, 84, 91, 111 மி.மீ. இதில் 58 மி.மீ. வகையில் அலகு சுமார் 4 செ.மீ. கூடவே கத்தரி, நக அரம், முள்ளெடுக்கும் சிமிட்டா, பல்குச்சி எல்லாம் இருக்கும். எடை 20 கிராம் சொச்சம். அலுவலகத்துக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. முன்னே சொன்ன பட்டியலில் எல்லா வேலையையும் இது செய்துவிடும், பார்ப்பவர் யாரும் திடுக்கிட மாட்டார்கள். தினமும் பழம் நறுக்குகிறவர் 84 அல்லது 91 மி.மீ. வகைக்குப் போகலாம். 111 மி.மீ. கத்திகள் பெரும்பாலும் பூட்டுள்ளவை, மலையேறவும் முகாமிடவும் ஆனவை.

*பூட்டு வேண்டுமா?* பூட்டு இருந்தால்தான் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். காட்டில் மரம் சீவுகிறவருக்கு அது சரி. பூட்டில்லாத கத்தி விரலில் மடங்குவது எப்போது என்று பாருங்கள். முனையால் குத்தும்போதும், முதுகில் விசை விழும்போதும்தான். வாய்ப்பக்கம் அழுத்தி வெட்டும்போது அந்த அழுத்தமே அலகைத் திறந்த நிலையில் வைத்திருக்கும். அலுவலகத்தில் குத்த வேண்டிய வேலை எதுவும் இல்லை. ஒரே விதிவிலக்கு, தடித்த அட்டையில் ஓட்டை போடப் பார்ப்பது. விபத்து நடப்பதும் அப்போதுதான். அட்டையில் ஓட்டை வேண்டுமானால் கட்டரால் நாலு பக்கமும் கீறி எடுங்கள்.

பூட்டில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. தகட்டுப் பூட்டை விடுவிக்க, அலகு மடங்கும் பாதையிலேயே கட்டைவிரலை வைக்க வேண்டும். பழகாதவர் விரலை எடுக்க மறந்தால் வெட்டு விழும். மலிவான கத்திகளில் தகடு மெலிதாக இருந்து அழுத்தத்தில் நழுவிவிடுகிறது. பூட்டு பிடித்திருக்கிறது என்று நம்பிக் கையை அழுத்தி வைத்திருப்பவருக்கு அதுதான் பெரிய ஆபத்து. பிரிட்டன் சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால், அலுவலகக் கத்தியில் பூட்டு இல்லாமல் இருப்பதே நல்லது.

*ஒரு கையால் திறப்பது.* கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் வசதி ஏணி மேல் நிற்பவருக்கு உதவும். மீட்டிங் அறையில் 'டக்' என்று ஒரு கையால் கத்தியைத் திறந்தால் எதிரே இருப்பவர் உடல் தன்னால் பின்வாங்கும். அவர் மேல் தவறில்லை. இரண்டு கையால் நிதானமாகத் திறக்கும் கத்தி யாரையும் பயமுறுத்துவதில்லை.

*அலகின் வடிவம்.* முனை கூராக முன்னோக்கி இருப்பது குத்த உதவும். முதுகு வளைந்து கீழிறங்கி, வாய் நேராக இருக்கும் வடிவத்தில் முனை அவ்வளவு துருத்தாது. டேப் அறுக்கவும் காகிதம் வெட்டவும் நேர்வாய்தான் சிறந்தது. கட்டரின் அலகு அப்படித்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ரம்பப் பல் உள்ள அலகைத் தவிர்க்கலாம். கயிறு அறுக்க நல்லது, ஆனால் காகிதத்தைக் கிழிக்கும், வீட்டில் தீட்டுவதும் கடினம்.

*எஃகு.* இதில் நம் ஊர்க் காற்றுக்குத்தான் முதலிடம். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஈரமும் உப்பும் சேர்ந்து வருகின்றன. கூடவே வியர்வை. குரோமியம் இல்லாத கரிம எஃகு நன்றாகக் கூர் பிடிக்கும், எளிதில் தீட்டலாம், ஆனால் எலுமிச்சம்பழமோ மாங்காயோ வெட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் சீக்கிரமே கறுத்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் அதிகம். விக்டோரிநாக்ஸ் பயன்படுத்தும் எஃகில் கரிமம் அரை சதவீத அளவு, குரோமியம் 15 சதவீத அளவு. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் இது சுமார் 56. ஒப்பிட்டால் மென்மையான எஃகுதான். 60-க்கு மேல் போகும் விலையுயர்ந்த எஃகுகள் கூரை அதிக நாள் வைத்திருக்கும், மழுங்கினால் வீட்டில் தீட்டுவது பெரும்பாடு. வாரத்துக்கு நாலு பார்சல் பிரிக்கிறவருக்கு 56 தாராளம். ஓப்பினல் வாங்குவதானால் கரிம எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகையிலும் கிடைக்கிறது. கடற்கரை ஊர்க்காரர் இரண்டாவதை எடுக்கட்டும்.

*போலி.* பஜாரில் சிவப்பு நிறத்தில் சிலுவை போட்ட கத்திகள் குவிந்து கிடக்கும். வாங்கும்முன் எல்லாக் கருவிகளையும் திறந்து பாருங்கள். அலகின் அடியில் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது, மூடும்போது வில் பட்டென்று இழுக்க வேண்டும். வில் தளர்ந்த கத்தி பையிலேயே தானாகத் திறந்துகொள்ளும். விலை குறைவு என்பதற்காக அதை வாங்குவதைவிட நல்ல கத்தரி ஒன்று வாங்குவது மேல்.

எங்கே வைப்பது, எப்படிப் பயன்படுத்துவது

கிளிப் போட்டு பேண்ட் பாக்கெட் விளிம்பில் தெரியும்படி மாட்டுவது அமெரிக்கப் பழக்கம். இங்கே அது ஆயுதம் செருகியிருப்பதாகத்தான் தோன்றும். சட்டைப் பையும் வேண்டாம், குனியும்போது விழும். சாவிக்கொத்து, அல்லது பையில் பேனாக்களுக்கான சின்ன அறை, இரண்டில் ஒன்று. குழந்தைகள் கை வைக்கும் பையாக இருந்தால் ஜிப் உள்ள அறையில் வையுங்கள்.

பயன்படுத்தும்போது பார்க்க வேண்டியவை:

1. அலகை உடலுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். பெட்டியைப் பிடித்திருக்கும் கை அலகின் பாதையில் இருக்கக் கூடாது. அலுவலகக் காயங்கள் பெரும்பாலும் வெட்டும் கையில் படுவதில்லை, பிடித்திருக்கும் கையில்தான்.

2. யாராவது கேட்டால் மடக்கிக் கொடுங்கள். திறந்த கத்தியைக் கைமாற்ற வேண்டாம்.

3. மேஜைக்கடியில் இருக்கும் வயரைக் கத்தியால் சீவாதீர்கள். யு.பி.எஸ். இருக்கும் அலுவலகத்தில் மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகும் வயரில் மின்சாரம் இருக்கலாம்.

4. போன், லேப்டாப், பவர் பேங்க் வந்த பெட்டியில் முனையை ஆழமாக விடாதீர்கள். லித்தியம் பேட்டரியில் துளை விழுந்தால் தீப்பிடிக்கும்.

5. அலகைத் திருப்புளியாகவோ நெம்புகோலாகவோ பயன்படுத்தினால் முனை ஒடியும், ஒடிந்த துண்டு கண்ணை நோக்கித் தெறிக்கும். அதே கத்தியில் திருப்புளி முனை தனியாக இருக்கும்.

6. பக்கத்து இருக்கைக்காரர் கத்தியைக் கண்டு அஞ்சுபவராக இருந்தால், அவர் முன்னால் எடுக்காமல் இருப்பது மரியாதை. கத்தரியால் முடியும் வேலைக்குக் கத்தரியையே எடுங்கள்.

பேச்சுவார்த்தை சூடாக இருக்கும் அறையில் பழம் நறுக்குவதற்காகக்கூடக் கத்தியைத் திறக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பராமரிப்பு

பார்சல் பிரித்தால் டேப்பின் பசை அலகில் ஒட்டும். தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டுத் தேய்த்துத் துணியால் துடைத்தால் போய்விடும். சானிடைசரும் வேலை செய்யும். ஆணிப்பகுதிக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பழம் வெட்டும் கத்தியானால் அலகைக் கழுவிய பிறகே வெட்டுங்கள்.

கூர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டினால் போதும். விரலால் தடவிப் பார்ப்பது வேண்டாத பழக்கம். மழுங்கிய கத்தி கூரான கத்தியைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தம்தான் கத்தியை வழுக்க வைக்கும். தெருவில் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவர் அரிவாள்மனைக்கும் வெட்டுக்கத்திக்கும் கைதேர்ந்தவர். சுழலும் கல்லில் சின்ன அலகைக் கொடுத்தால் சூட்டில் எஃகின் பதம் போகும், அலகும் தேய்ந்து ஒல்லியாகும். பேனாக்கத்திக்குச் சின்னத் தீட்டுக்கல் போதும். அது இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்குமே, அதில் 15 முதல் 20 பாகை சாய்வில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தாலே கூர் திரும்பும்.

கட்டர் வைத்திருப்பவர்கள் ஒடித்த நுனிகளை அப்படியே குப்பைக்கூடையில் போடுவதைப் பல அலுவலகங்களில் பார்க்கலாம். அந்தக் கூடையை மாலையில் காலி செய்கிறவர் வெறுங்கையால் பையை அமுக்கிக் கட்டுவார். மூடியுள்ள பழைய மாத்திரை டப்பா ஒன்றை இழுப்பறையில் வைத்து, ஒடித்த நுனிகளை அதில் சேருங்கள். நிரம்பியதும் மூடியை டேப்பால் சுற்றி, 'உள்ளே பிளேடு' என்று தமிழில் பெரிதாக எழுதி, துப்புரவுப் பணியாளரிடம் நேராகச் சொல்லிக் கொடுங்கள்.